மணியோசை கேட்கிறதா? – பணியிட மாற்றமும் மேலாளரின் கடமையும்

(நம் சங்கத்தின் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலை செய்யும் இடத்தில் வரும் மாற்றத்தை மேலாளர்கள் எப்படி எதிர்கொள்வது?" என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்த ஹாலில் பாதிப் பேர் வங்கி, ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ், இன்ஷூரன்ஸ் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் புனே, பெங்களூரு, குர்காவ் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகளில் குழுக்களை நடத்திக்கொண்டிருப்பவர்கள். முதல் பாதிக்கு இது நடந்து முடிந்த கதை. இரண்டாவது பாதிக்கு, நடந்துகொண்டிருக்கும் கதை. இரண்டுக்கும் பாலம் போட முடியுமா என்று பார்க்கிறேன். நான் மேனேஜ்மென்ட் பேராசிரியர் இல்லை. முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த வங்கியை வைத்தே பேசுகிறேன்.

யானையும் மணியோசையும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். வேலையில் வரும் மாற்றமும் அப்படித்தான். பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது.

1969 ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. அப்போது நாட்டில் இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,000 சொச்சம். 1990-இல் அது 60,000-ஐ நெருங்கிவிட்டது. கிளைகள் பெருகின, கணக்குகள் பெருகின, காகிதமும் பெருகியது. லெட்ஜர்களை மாதாமாதம் கூட்டிச் சரிபார்க்கும் பேலன்சிங் வேலை பல கிளைகளில் நிலுவையில் விழுந்தது. கையால் எழுதும் முறை இனித் தாங்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு, வங்கிகளில் இயந்திரமயமாக்கல் பற்றி 1984-இல் அறிக்கை கொடுத்தது. அவர் தலைமையிலேயே இரண்டாவது குழுவின் அறிக்கை 1989-இல் வந்தது. கம்ப்யூட்டரை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்று ஊழியர் சங்கங்களோடு 1983, 1987, 1993 என மூன்று முறை ஒப்பந்தம் போடப்பட்டது. 1991-இல் நரசிம்மம் குழுவின் அறிக்கை. 1994 முதல் புதிய தனியார் வங்கிகள், கம்ப்யூட்டரோடு பிறந்த வங்கிகள். அப்போது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல் அவர்கள், 2001 ஜனவரி 1-க்குள் பொதுத்துறை வங்கிகளின் வியாபாரத்தில் 70 சதவீதம் கணினிக்குள் வந்தாக வேண்டும் என்று கெடு வைத்தார். அதையொட்டிய 2000-2001-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து, சுமார் ஒரு லட்சம் பேர் பொதுத்துறை வங்கிகளை விட்டு வெளியேறினார்கள்.

வெளியேறியவர்களில் பலர் என் நண்பர்கள். "எல்லாம் திடீர்னு வந்துடுத்து" என்று அவர்கள் சொன்னதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1984 அறிக்கையிலிருந்து 2001 வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினேழு வருஷம் மணி அடித்திருக்கிறது. யானை வாசலுக்கு வந்த பிறகுதான் அது காதில் விழுந்தது.

இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பதினேழு வருஷ அவகாசம் இல்லை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. ஒன்றுக்கு மற்றது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மணியோசைக்கும் யானைக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்துவிட்டது என்கிறேன்.

மேலாளர் காதில் விழ வேண்டிய மணியோசைகள் சில உண்டு. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி மாறுகிறதா? புதிதாக வேலைக்கு எடுப்பவர்களிடம் எதிர்பார்க்கும் தகுதி மாறுகிறதா? தலைமை அலுவலகம் இதுவரை கேட்காத புள்ளிவிவரங்களைக் கேட்க ஆரம்பித்திருக்கிறதா? எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று. என் நாளில் எத்தனை மணி நேரம், ஒரு மேஜையிலிருந்து வாங்கிய தகவலை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவதில் கழிகிறது? எந்த மாற்றம் வந்தாலும் முதலில் போவது அந்த மணி நேரங்கள்தான். வங்கியிலும் அதுதான் போயிற்று.

எதிர்ப்புக்கு உள்ளே இருப்பது

தொண்ணூறுகளின் நடுவில் நாக்பூரில் ஒரு கிளைக்கு மேலாளராக இருந்தேன். அங்கே சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் உள்ள மராட்டியர். கையெழுத்து முத்துப் போல இருக்கும். கவுன்ட்டருக்கு வருகிறவர் முகத்தைப் பார்த்தே லெட்ஜரில் பக்கத்தைத் திருப்பிவிடுவார். கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் கிளையிலேயே அதிகம் எதிர்த்தவர் அவர்தான். இளைஞர்கள் அவரை "முட்டுக்கட்டை" என்றார்கள்.

ஒருநாள் டீ வரவழைத்து, உட்கார வைத்து, "இதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம்?" என்று கேட்டேன். அவர் ஒரு லெட்ஜரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "சாஹேப், இந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது பாருங்கள், இந்தச் செக்குக்குப் பணம் தராதே என்று. நீங்கள் கொடுத்திருக்கும் படிவத்தில் இதை எழுத இடம் எங்கே? இந்தக் கணக்கு மைனர் பெயரில் இருக்கிறது. அந்தப் பையனுக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்துவிட்டது. இது எனக்குத் தெரியும். மெஷினுக்கு யார் சொல்வார்கள்? இந்த அம்மாவின் கையெழுத்து பக்கவாதம் வந்த பிறகு மாறிவிட்டது. பழைய கார்டை வைத்துப் பார்த்தால் அவர் பென்ஷன் அவருக்கே கிடைக்காது" என்றார்.

மூன்றும் நியாயமான கேள்விகள். தகவல் ஏற்றும் படிவத்தைத் தயாரித்தவர்களுக்குத் தோன்றாதவை. அன்றிலிருந்து அவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு போட்டேன். எதிர்ப்பாளர் பரிசோதகர் ஆனார். இரண்டு மாதத்தில் தன் மேஜைக்கும் ஒரு திரை வேண்டும் என்று அவரே கேட்டார்.

இதை நான் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. மாற்றத்தின்போது மனிதர் எதை இழக்கிறார் என்று காட்டச் சொன்னேன். முதலாவது திறமை: இருபத்தெட்டு வருஷம் சேர்த்த கைவண்ணம் ஒரே நாளில் செல்லாக்காசாகிறது. இரண்டாவது மதிப்பு: நேற்று வரை எல்லோரும் அவரிடம் வந்து கேட்டார்கள், இன்று அவர் இருபத்து மூன்று வயதுப் பையனிடம் போய்க் கேட்க வேண்டும். மூன்றாவது பழக்கம்: அந்த மேஜை, அந்த நேரம், அந்தச் சகாக்கள். நான்காவது நிச்சயம்: நாளைக்கும் எனக்கு இங்கே இடம் உண்டா? வெளியே கேட்பது "இந்த மெஷின் சரியில்லை" என்ற குரல். உள்ளே இருப்பது இந்த நான்கில் ஒன்று. எது என்று கண்டுபிடிப்பதுதான் மேலாளரின் முதல் வேலை. திறமை போகிறதே என்று கலங்குகிறவருக்குப் பயிற்சி கொடுக்கலாம். மதிப்பு போகிறதே என்று கலங்குகிறவருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தால் போதாது, பொறுப்பும் கொடுக்க வேண்டும்.

மேலாளர் செய்ய வேண்டியவை

1. உண்மையை முன்கூட்டியே சொல்லுங்கள். ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் காட்டர் 1995-இல் எழுதிய கட்டுரையில், மாற்ற முயற்சிகள் தோற்பதற்கு எட்டுக் காரணங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் ஒன்று, எங்கே போகிறோம் என்பதை ஊழியர்களிடம் போதுமான அளவு சொல்லாமல் இருப்பது. நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2007-இல் ஸ்டேட் வங்கி "பரிவர்த்தன்" என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் குழுக்குழுவாக உட்கார வைத்து, வங்கி இன்று எங்கே நிற்கிறது, ஏன் மாற வேண்டும் என்று சுமார் நூறு நாட்களில் பேசி முடித்தது. அதிகாரிகளோடு மட்டும் இல்லை, மற்ற ஊழியர்களோடும். உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி வந்தால், "இது இன்னும் முடிவாகவில்லை, தெரிந்த அன்றே சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மேலாளர் வாய் மூடினால் கான்டீன் வாய் திறக்கும்.

2. பழைய வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். கணக்குகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்கு முன்னால் லெட்ஜர்கள் கூட்டிச் சரியாக இருந்தாக வேண்டும். பேலன்சிங்கை அவ்வப்போது முடித்து வைத்திருந்த கிளைகள் சுலபமாக மாறின. வருஷக்கணக்கில் நிலுவை வைத்திருந்த கிளைகள் மாதக்கணக்கில் தவித்தன. இயந்திரம் ஒன்றுதான், வேறுபாடு வீட்டில் இருந்தது. இன்றைக்கும் இதே கதைதான். எழுதி வைக்காத நடைமுறைகள், ஒருவர் மண்டைக்குள் மட்டும் இருக்கும் தகவல்கள், யாரும் படிக்காத வாராந்திர அறிக்கைகள் ஆகியவற்றை இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். எந்த மாற்றம் வரும் என்று தெரியாவிட்டாலும் இந்தத் தயாரிப்பு வீண் போகாது.

3. முதலில் கற்பவர்களைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். துறுதுறுவென்று இருக்கும் இளைஞரை மட்டும் பயிற்சிக்கு அனுப்புவது வழக்கம். அவரோடு, மற்றவர்கள் மதிக்கும் மூத்தவர் ஒருவரையும் அனுப்புங்கள். "அவருக்கே வந்துவிட்டது, நமக்கு வராதா?" என்ற தைரியம் இருபது சர்க்குலர்களுக்குச் சமம்.

4. பயிற்சிக்கு நேரம் கொடுங்கள். கவுன்ட்டரில் கூட்டத்தை வைத்துக்கொண்டு, "நடுநடுவே கற்றுக்கொள்" என்றால் யாருக்கும் வராது. வாடிக்கையாளர் எதிரில் தடுமாறி ஒருமுறை அவமானப்பட்ட ஊழியர், அதன் பிறகு அந்தத் திரையை வெறுப்பார். தடுமாற இடம் வேண்டும், அதுவும் கதவு சாத்திய இடமாக இருக்க வேண்டும்.

5. இரண்டு குதிரைச் சவாரிக்குத் தேதி குறியுங்கள். அந்த நாளில் லெட்ஜரிலும் எழுதி, இயந்திரத்திலும் ஏற்றி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் முடிவுத் தேதி சொல்லாமல் விட்டால் ஊழியருக்கு இரட்டை வேலை, மனமும் பழையதிலேயே ஒட்டிக்கொள்ளும். இத்தனை நாள், இத்தனை முறை கணக்கு ஒத்துப்போனால் பழையது நிற்கும் என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும்.

6. பழையதற்கு மரியாதையாக விடை கொடுங்கள். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. 1865-இல் தொடங்கிய அலகாபாத் வங்கி அன்று இந்தியன் வங்கியோடு கலந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கூடி நின்று ஒரு வார்த்தை பேசக்கூட முடியாத நேரம். 2017-இல் 27 என்று இருந்த பொதுத்துறை வங்கிகள் 12 ஆகச் சுருங்கிய அந்தச் சில வருஷங்களில், பெயர்ப் பலகை இறங்குவதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களை நம் குடும்பங்களிலேயே பார்த்திருப்பீர்கள். அதைப் பலவீனம் என்று நினைக்காதீர்கள். போனதைப் பற்றிப் பேச ஒரு மாலைப் பொழுது கொடுத்தால், மறுநாள் காலை புதியதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள்.

7. சீக்கிரம் வெற்றி அறிவிக்காதீர்கள். ரிப்பன் வெட்டிய அன்று மாற்றம் முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து, மேலதிகாரி பார்க்காதபோதும் ஊழியர் புதிய வழியிலேயே வேலை செய்கிறாரா என்று பாருங்கள். மேஜை டிராயரில் இன்னும் ஒரு ரகசிய நோட்டுப் புத்தகம் இருந்தால், புதிய முறையில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். நோட்டைப் பிடுங்காதீர்கள், பிரித்துப் படியுங்கள்.

எல்லா மாற்றத்துக்கும் தலையாட்ட வேண்டுமா?

மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் மேலே இருந்து வருவதையெல்லாம் கைதட்டி வரவேற்பவர் நல்ல மேலாளர் இல்லை. இதற்கு ஒரு கசப்பான உதாரணம் பிரிட்டனில் நடந்தது.

அங்கே தபால் துறை 1999 முதல் "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் முறையைக் கிளைத் தபால் நிலையங்களில் கொண்டுவந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்த முறை அது. கணக்கில் பணம் குறைகிறது என்று திரை காட்டியது. கிளையை நடத்தியவர்கள், "நாங்கள் எடுக்கவில்லை, மெஷின் தப்பாகக் காட்டுகிறது" என்றார்கள். கேட்பார் இல்லை. "இப்படிப் புகார் சொல்வது நீங்கள் ஒருவர்தான்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது. கைப்பணத்தைப் போட்டு ஈடு கட்டினார்கள், வீட்டை இழந்தார்கள், திருட்டுப் பட்டம் சுமந்தார்கள். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்கே போனார்கள். அவர்களில் நம் இந்திய வம்சாவளியினரும் உண்டு. அந்த முறையில் பிழைகள் இருந்தன என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

அந்த அமைப்பில் நடுவில் எத்தனையோ மேலாளர்கள் இருந்திருப்பார்கள். "ஒரே மாதிரியான புகார் பல இடங்களிலிருந்து வருகிறதே" என்று அவர்கள் உரக்கக் கேட்டு, மேலே இருந்தவர்கள் காது கொடுத்திருந்தால், எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்! மாற்றத்தைக் கீழே கொண்டுபோவது மேலாளரின் பாதிக் கடமை. கீழே வலிக்கிறது என்பதை மேலே கொண்டுபோவது மறுபாதி. அந்த மறுபாதியை விட்டவர் தபால்காரர்தான், மேலாளர் இல்லை. செயற்கை நுண்ணறிவு கொடுக்கும் விடையைப் பார்த்து ஓர் ஊழியர், "சார், இது சரியில்லை" என்று சொன்னால், இந்தக் கதையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் தன்னைத் தயார் செய்துகொள்வது

இதுவரை மற்றவர்களைத் தயார் செய்வது பற்றிப் பேசினேன். உண்மையில் மாற்றத்தின்போது அதிகம் பயப்படுகிறவர் மேலாளர்தான். ஊழியருக்குச் சங்கம் உண்டு, மேலதிகாரிக்கு அதிகாரம் உண்டு. நடுவில் இருப்பவர் தன் பயத்தைச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் இருப்பார். அவருக்கு மூன்று விஷயங்கள்.

முதலாவது, சின்னவர்களிடம் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். "எனக்கு இது புரியவில்லை, ஒருமுறை சொல்லிக் கொடப்பா" என்று எல்லோர் முன்னிலும் கேட்கும் மேலாளரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கூச்சத்தை விடுவார்கள். பாட்டுக் கற்றுக்கொள்ளப் போனால் எந்த வயதானாலும் ஸரளியில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, நாற்காலியை நாம் என்று நினைக்கக் கூடாது. கிளை மேலாளர் கையில் இருந்த பல முடிவுகள், கோர் பாங்கிங் வந்த பிறகு மைய அலுவலகத்துக்குப் போய்விட்டன. "என் அதிகாரம் போயிற்று" என்று நொந்தவர்கள் உண்டு. "காகிதம் போயிற்று, இனி மனிதர்களைப் பார்க்க நேரம் கிடைத்தது" என்று வெளியே கிளம்பி வாடிக்கையாளர்களைச் சந்தித்தவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்தினரை எந்த இணைப்பும் மூலையில் உட்கார வைக்கவில்லை.

மூன்றாவது, வீட்டுக் கணக்கு. இதை மேனேஜ்மென்ட் புத்தகத்தில் எழுத மாட்டார்கள், ஆனால் வங்கிக்காரன் சொல்லாமல் விடக் கூடாது. ஆறு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்திருப்பவருக்கு மேலதிகாரியிடம் உண்மை பேசும் தைரியம் வரும். சம்பளத்தின் பெரும்பகுதியைத் தவணைக்கு எழுதிக் கொடுத்தவர் எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் நிமிர்ந்து நிற்பதற்கான பலம் பாஸ்புக்கில் தொடங்குகிறது.

முடிவாக, ஓய்வு பெற்ற என் சகாக்களுக்கு ஒரு வார்த்தை. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ., 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. காய்கறிக்காரரிடம் நாமும் ஸ்கேன் செய்துதான் பணம் கொடுக்கிறோம். நமக்கு மாற்றம் வராது என்று யாரும் சொல்ல முடியாது, வந்துவிட்டது. இன்று பல வீடுகளில் நாற்பது, நாற்பத்தைந்து வயதில் பிள்ளையோ பெண்ணோ மாப்பிள்ளையோ, "என் டீமை என்ன செய்வார்களோ" என்று ராத்திரி தூங்காமல் இருக்கிறார்கள். "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்காதீர்கள். "உன் ஆபீஸில் என்ன மாறுகிறது? உனக்கு என்ன பயம்?" என்று கேளுங்கள். லெட்ஜர் போன அன்று நமக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். அதன் பிறகும் நாம் வேலை பார்த்தோம், குடும்பம் நடத்தினோம், நாலு பேருக்கு உதவியாக இருந்தோம் என்பதையும் சொல்லுங்கள். அந்த அனுபவத்தை அவர்களுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் கொடுக்க முடியாது.